ஊசி நூலோட வா, ஊர்க்கதையை அப்புறம் பேசலாம்

வாசுதேவநல்லூர்ல தெருவுக்கு நாலு பேருக்குத் தையல் தெரியும். ஒருத்தி பிளவுஸ் தைப்பா, ஒருத்தி சேலைக்குக் குஞ்சம் கட்டுவா, ஒருத்தி ஆரி போடுவா. மூலை வீட்டுப் பாட்டி குரோஷா ஊசியைக் கையில எடுத்தா பார்க்காமலே பின்னுவாங்க. எல்லாரும் அவங்கவங்க திண்ணையில தனித்தனியா உட்கார்ந்திருக்காங்க. இவங்களை ஒரே இடத்துல உட்கார வச்சு, ஒருத்தி வேலையை இன்னொருத்தி கத்துக்கிற மாதிரி ஒரு குழு போடணும்னு உனக்கு ஆசை. நல்ல ஆசை தங்கச்சி, கட்டாயம் செய். ஆனா இப்படி ஆரம்பிச்ச குழு எத்தனையோ நாலு மாசத்துல கலைஞ்சு போனதை நான் பார்த்திருக்கேன். அளவு சொல்லாம ஆளுக்கொரு மாதிரி தைச்சது, பொதுத் துணிக்குக் கணக்கு இல்லாதது, தெரிஞ்ச வேலையை அடுத்தவளுக்குக் காட்டாம மடியில மூடிக்கிட்டது, இதுலதான் கலையுது. கடைசியா சொன்னதுதான் ரொம்ப மோசம்.

உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைக்கவே சாயங்காலம் ஆயிடுது, அதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும். அதனால எது வேணாம்ங்கறதையே அதிகமாச் சொல்றேன், கேட்டுக்கோ.

கூடுறதுக்கு முன்னாடி

1. பத்துப் பன்னெண்டு பேர் போதும். ஊரையே கூப்பிடாதே. சொல்லிக் கொடுக்கிறவ ஒரே நேரத்துல நாலஞ்சு பேர் கையைத்தான் பார்க்க முடியும். மத்தவங்க சும்மா உட்கார்ந்தா பேச்சு எங்கெங்கேயோ போயிடும், அடுத்த வாரம் வரவும் மாட்டாங்க.

2. கடன், சீட்டு, வட்டி எதையும் உள்ளே நுழைக்காதே. 1989-ல தர்மபுரியில சுய உதவிக் குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து, குழுன்னாலே நம்ம பொம்பளைங்களுக்கு சந்தாவும் பேங்க் பாஸ்புக்கும்தான் ஞாபகம் வருது. அந்த ஏற்பாடு எத்தனையோ வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கு, அதைக் குறை சொல்லலை. அது தனியா நடக்கட்டும், இது தனியா நடக்கட்டும். இரண்டையும் கலந்தா, தவணை பாக்கி வச்சவ கூச்சப்பட்டுக்கிட்டு தையலுக்கும் வராம நின்னுடுவா.

3. செவ்வாய், வெள்ளி வேணாம். வீடு கழுவணும், கோயிலுக்குப் போகணும், யாரும் வரமாட்டாங்க. புதன் இல்லேன்னா வியாழன் மத்தியானம் இரண்டு மணியில இருந்து நாலு வரைக்கும் வை. ஆடித்தபசு வாரத்துல சங்கரன்கோவில் பக்கம் பாதி ஊர் போயிடும், அன்னைக்குக் கூட்டம் போட்டுட்டு ‘யாருமே வரலை’ன்னு வருத்தப்படாதே. வராதவ வீட்டு வாசல்ல போய் ‘ஏன் வரலை’ன்னு நிக்கவும் கூடாது. மறு வாரம் வரும்போது ‘வா’ன்னு மட்டும் சொல்லு.

4. இடம் பார்க்கும்போது வெளிச்சத்தைப் பாரு, வீட்டு அழகைப் பார்க்காதே. வலது கைக்காரிக்கு இடது பக்கமிருந்து வெளிச்சம் வரணும், அப்பதான் கை நிழல் தையல் மேல விழாது. நம்ம ஊர்ல ஆனி ஆடியில மலைக்காத்து அடிக்கிற அடி உனக்கே தெரியும். மேற்கு ஜன்னலைத் திறந்து வச்சா வரைஞ்ச பேப்பர் எல்லாம் தெருவுக்குப் போயிடும். கிழக்கு வடக்கு திறந்த வராந்தாதான் சரி.

5. எல்லாரும் எல்லாமும் வாங்க வேணாம். துணி வெட்டுற நல்ல கத்தரி இரண்டு, டேப் இரண்டு, கை ஊசி வகைக்கொரு பாக்கெட், எம்பிராய்டரி வளையம் நாலு, சாக் கட்டி. இதைப் பொதுவுல ஒரு டப்பாவுல போட்டு வை. கத்தரிப் பிடியில சிவப்புத் துணி சுத்தி வச்சிடு. பேப்பர் வெட்டினா, நூடுல்ஸ் பாக்கெட் வெட்டினா முனை மழுங்கிடும், அப்புறம் துணியை மென்னு துப்பும். சிவப்புத் துணி சுத்தின கத்தரியைப் பிள்ளைங்க தொடக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடு.

சொல்லிக் கொடுக்கிற விதம்

சேர்ந்து உட்கார்ந்து கைவேலை பழகுறது நம்ம சீமைக்குப் புதுசு இல்லை. 1820-கள்ல நாகர்கோவில்ல மார்த்தா மால்ட் அம்மா பெண் பிள்ளைங்களை உட்கார வச்சு லேஸ் பின்னக் கத்துக் கொடுத்தாங்க. அந்தக் காசுல அடிமைத்தளையிலிருந்து தன்னை மீட்டுக்கிட்ட பெண்கள் உண்டு. அவங்க மகள் எலிசா, 1844-ல கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் பண்ணி திசையன்விளை பக்கத்து இடையன்குடிக்கு வந்தாங்க. அம்மாகிட்ட கத்த லேஸை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்குக் கொடுத்தாங்க. பள்ளிக்கூடம் பார்க்காத கை, எண்ணி எண்ணி நூலை மாத்தி அந்த நுணுக்கமான வேலையைச் செய்தது. யோசிச்சுப் பாரு, ‘இது என் குடும்ப வேலை, வெளியே சொல்ல மாட்டேன்’னு எலிசா அம்மா இருந்திருந்தா, நாகர்கோவிலோட அது நின்னிருக்கும்.

இந்தப் பக்கத்துக்குத் தெற்கே அப்படி நடந்தா, வடக்கே தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துல சிட்டிலிங்கியைப் பாரு. அங்கே லம்பாடிப் பெண்கள் பாவாடையில போட்ட பூவேலை நின்னே போயிருந்தது, வயசான ஒண்ணு இரண்டு பேருக்குத்தான் கை பழகியிருந்தது. அவங்களை உட்கார வச்சு இளசுகளுக்குச் சொல்லிக் கொடுக்க வச்சாங்க. இன்னைக்கு ‘பொர்கை’ங்கற பேருல அந்தப் பெண்களோட சொந்தச் சங்கமா நிக்குது. உன் தெருவுலயும் அப்படி ஒரு பாட்டி இருப்பாங்க. முதல்ல அவங்க வீட்டுக்குப் போ. கூட்டத்துக்கு வர முடியலைன்னா கூட்டத்தையே அவங்க வராந்தாவுக்குக் கொண்டு போ.

6. ஒரு நாளைக்கு ஒரே தையல். முதல் வாரம் ஓட்டுத் தையல், அடுத்து காம்புத் தையல், அப்புறம் சங்கிலித் தையல், காஜாத் தையல். ஒரே நாள்ல ஆறு சொல்லிக் கொடுத்துப் பெருமைப்படாதே. வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு ஒண்ணும் மனசுல நிக்காது.

7. சொல்லிக் கொடுக்கிறவ எதிரே உட்காரக் கூடாது, பக்கத்துல உட்காரணும். எதிரே உட்கார்ந்தா எல்லாம் தலைகீழாத் தெரியும். ஒரு விதிவிலக்கு இருக்கு. கத்துக்கிறவ இடது கைக்காரின்னா எதிரேதான் உட்காரணும். கண்ணாடியில பார்க்கிற மாதிரி உன் வலது கையைப் பார்த்து அவ இடது கை பழகிக்கும். இடது கைப் பிள்ளையை ‘கையை மாத்து’ன்னு அதட்டுற பழக்கத்தை இன்னைக்கே விடு.

8. அவ கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி நீ போட்டுக் காட்டாதே. உன் துணியில உன் ஊசியால காட்டு. அவ துணியை அவளே பிரிச்சு அவளே போடட்டும். இது எல்லா அக்காமார்க்கும் சொல்ல வேண்டிய பேச்சு. பொறுமை இல்லாம பிடுங்கிப் போட்டுக் கொடுத்துடுறாங்க, அவளுக்குக் கை பழகுறதே இல்லை.

9. மாதிரித் துணி ஒண்ணு ஆளுக்கு ஆள் வச்சுக்கணும். நாலு அங்குலச் சதுரமா வெள்ளைக் காடாத் துணி வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு தையல். பக்கத்துல ஒரு சின்னப் பேப்பர் தைச்சு, எத்தனை இழை, எந்த நம்பர் ஊசி, யார் சொல்லிக் கொடுத்ததுன்னு எழுது. மூணு வருஷம் கழிச்சு மறந்து போன தையலை அந்தத் துணிதான் ஞாபகப்படுத்தும். போன்ல எடுத்த வீடியோ, போன் மாத்தும்போது போயிடும்.

10. நூல் அளவு: விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும், ஒரு முழம். அதுக்கு மேல வெட்டாதே. நீளமா வெட்டினா ஊசி கோக்கிற வேலை மிச்சம்னு நினைக்கிற, சிக்கு எடுக்கிற நேரத்துல மூணு தடவை கோத்திருக்கலாம். சிட்டத்து நூல் ஆறு இழையா இருக்கும். பூ இதழுக்கு இரண்டு இழை, காம்புக்கு மூணு. ஆறையும் சேர்த்துப் போட்டா கம்பளிப் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். இழை பிரிக்கும்போது ஒவ்வொண்ணாத் தனியா உருவி எடுத்துட்டு, திரும்பச் சேர்த்துக்கோ. இரண்டா மூணா ஒரே இழுப்புல இழுத்தா அங்கேயே முடிச்சு விழும்.

11. டிசைன் வரைய பால்பாயிண்ட் பேனா வேணவே வேணாம். துவைச்சா பரவும், அந்தத் துணி அத்தோட போச்சு. தேய்ஞ்ச சோப்புத் துண்டு இருக்குல்ல, அதோட ஓரம்தான் கருப்பு, நீலத் துணிக்கு நல்ல பென்சில், ஒரு அலசுல போயிடும். ஆரி போடுறவங்க ட்ரேஸ் பேப்பர்ல டிசைன் வரைஞ்சு, கோட்டு மேல ஊசியால நெருக்கமா குத்தி, மண்ணெண்ணெயில ஜிங்க் பவுடர் கரைச்சுத் துணிப்பந்தால தேய்ப்பாங்க. ஓட்டை வழியா இறங்கிக் கோடு விழும். இந்த ஒரு பேப்பரை எத்தனையோ தடவை பயன்படுத்தலாம். குழுவுல ஒருத்தி குத்தினா போதும், எல்லாருக்கும் ஆகும். தேய்க்கும்போது ஜன்னலைத் திறந்து வை, அடுப்பங்கரை பக்கம் போகாதே.

மெஷின் பத்தி இரண்டே விஷயம் சொல்லிட்டு நகர்றேன். தையலுக்கு அடியில நூல் கொத்துக் கொத்தா விழுந்தா பாபினைத் திட்டாதே. மேல் நூலைச் சரியாக் கோக்கலைன்னு அர்த்தம். கழட்டி மறுபடி கோத்துப் பாரு. தையல் விட்டு விட்டுப் போனா ஊசி மழுங்கிடுச்சு, மாத்து. காட்டன் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16, மெல்லிசுக்கு 11. மெக்கானிக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இந்த இரண்டையும் பாரு, பாதிக் காசு மிச்சம்.

துணியைப் பத்திக் கொஞ்சம் உட்கார்ந்து பேசணும்

நமக்குத் துணிக்குப் பஞ்சமே இல்லை. சங்கரன்கோவில்லயும் புளியங்குடிப் பக்கமும் தறி ஓடுது. பழுது விழுந்த காட்டன் சேலையோ, கட் பீஸோ கேட்டுப் பாரு, குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். பிளவுஸ் தைக்கிற தங்கச்சிங்க கடையில தினமும் ஒரு பை வெட்டுத் துணி விழுது, குப்பைக்குத்தான் போகுது. ‘ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்’னு ஒரு சாக்கை அவ கடையிலயே மாட்டிட்டு வந்துடு. நீ போகலைன்னா அவளுக்கு இடைஞ்சல், அதனால சொன்ன நாள் தவறாதே.

இனிமேதான் எல்லாரும் தப்புப் பண்ற இடம். வந்த துணியை அப்படியே வெட்டித் தைக்க உட்கார்ந்துடுறாங்க.

12. முதல்ல பிரி. காட்டனா, பாலிஸ்டரா தெரியலைன்னா ஓரத்துல ஒரு நூல் உருவித் தீக்குச்சியில காட்டு. காட்டன்னா காகிதம் எரியுற வாசம் வரும், சாம்பலைத் தொட்டா பொடியும். பாலிஸ்டர்னா சுருங்கி, உருகி, மணி மாதிரிக் கெட்டியா நிக்கும். இரண்டும் ஒரே வேலையில சேரவே கூடாது. ஒரு தடவை அயர்ன் பண்ணினா காட்டனுக்கு வேணுங்கற சூட்டுல பாலிஸ்டர் சுருண்டுடும்.

13. புதுக் காட்டனை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போடு. கஞ்சி போகணும், சுருங்க வேண்டியது இப்பவே சுருங்கணும். தைச்சு முடிச்சு விருந்தாளிக்குக் கொடுத்த பிறகு சுருங்கினா, பக்கத்துத் துண்டு நேரா நிக்க, இது மட்டும் குதிச்சு நிக்கும். அவசரம்னு ஊறப் போடாம விடுறவளுக்குத்தான் சொல்றேன், ராத்திரி வாளியில போட்டுட்டுத் தூங்கப் போக இரண்டு நிமிஷம் கூட ஆகாது.

14. சாயம் இறங்குதான்னு பாரு. ஈரத் துணி மேல வெள்ளைத் துணி வச்சு அயர்ன் பண்ணு. சிவப்பு, மெரூன், கருநீலம், கருப்பு இந்த நாலும் சந்தேகத்துக்குரிய பேர்வழிங்க. உப்புத் தண்ணியில போட்டா சாயம் நிக்கும்னு அம்மா காலத்துல இருந்து சொல்றாங்க. வாங்கி வந்த துணியில ஏறின சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது தங்கச்சி. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிக்கிட்டே இரு. அஞ்சாவது அலசுக்கும் இறங்கினா, அதை வெள்ளைத் துணி பக்கத்துலயே கொண்டு வராதே. அதை வச்சு ஒரே நிறத்துல மிதியடி தைச்சுக்கோ.

15. வெட்டும்போது கரையை நீக்கிடு. கரைப்பக்கம் நெசவு இறுக்கமா இருக்கும், துவைச்சா இழுத்துப் பிடிக்கும். நேரா வெட்ட வராதவங்க ஓரத்துல சின்ன வெட்டு கொடுத்துக் கிழிச்சிடுங்க. காட்டன் இழை நேரா கிழியும், ஸ்கேலைவிட நேரா வரும்.

16. துரு கறை பட்டுட்டா பயப்படாதே. பக்கத்துலயே புளியங்குடி எலுமிச்சைச் சந்தை இருக்கு. சாறும் உப்பும் கலந்து கறை மேல போட்டு வெயில்ல வை, காய்ஞ்சதும் அலசு. வெள்ளைத் துணிக்கு மட்டும்தான் இது. பட்டுலயும் கலர் துணியிலயும் இதைச் செய்துட்டு என்கிட்ட வந்து நிக்காதே.

எதைத் தைக்கலாம்

முதல் வேலையா மஞ்சப்பை எடு. தமிழ்நாட்டுல 2019 ஜனவரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பர்ல ‘மீண்டும் மஞ்சப்பை’ன்னு அரசாங்கமே கூப்பிட்டுச் சொன்னது. தாம்பூலப் பையாவும் போகும், காய்கறி வாங்கவும் போகும். முக்கியமா, நேர்த் தையல் மட்டும் தெரிஞ்சவளும் ஒரே நாள்ல முடிச்சுக் கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். முதல் நாள்ல ஒரு பொருள் முடிஞ்சுதுன்னா அவ இரண்டாம் நாள் தானா வருவா.

வெட்டுற கணக்கு சொல்றேன், எழுதிக்கோ. 36 அங்குலப் பன்னா துணி ஒரு மீட்டர். நீளவாக்குல 13 அங்குலமா மூணு துண்டு வரும். ஒவ்வொண்ணையும் பன்னா பக்கம் 31 அங்குலத்துக்கு வெட்டு. இதை அடியில மடிச்சு இரண்டு பக்கமும் தைச்சு, வாயை ஒண்ணரை அங்குலம் மடிச்சா, 12-க்கு 14 பை. துண்டுக்கு ஒண்ணா 5 அங்குலப் பட்டை மூணு மிச்சம் நிக்கும். ஒவ்வொண்ணையும் இரண்டரை அங்குலமா இரண்டாக் கிழிச்சா ஆறு கைப்பிடி. மூணு பை, ஆறு கைப்பிடி, துணி மிச்சமே இல்லை. ஊறப் போட்டா சுருங்கும்ல, அதனால கடையில பத்து சென்டிமீட்டர் கூட்டியே கேளு, பன்னாவுல குறைஞ்சா கைப்பிடிப் பட்டையில குறைச்சுக்கோ.

அடுத்து சேலைப் போர்வை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, உனக்கும் பிடிக்கும். பழைய காட்டன் சேலை, அஞ்சரை மீட்டர். மூணா மடிச்சா ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைச்சலா அகலம், தானாவே மூணு மடிப்பு. தனியா ஓரம் வெட்ட வேண்டிய வேலையே இல்லை. நம்ம வெக்கைக்கு மூணு மடிப்புத்தான் சரி. இரண்டு சேலையை அடுக்கி ஆறு மடிப்பாக்கினா ஊசி இறங்காது, விரல் புண்ணாகும். பெரிசா வேணும்னா இரண்டு சேலையை அகலத்துல ஒட்டு.

- கிழிஞ்ச இடம் நடு மடிப்புக்குள்ள போற மாதிரி மடி. முந்தி மேல வரட்டும்.
- முதல்ல பெரிய பெரிய தையலா நடுவுல இருந்து ஓரத்துக்குப் போட்டு மடிப்பை நிறுத்து. ஓரத்துல இருந்து உள்ளே வந்தா நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும், கடைசியில பிரிக்கணும்.
- அப்புறம் இரண்டு விரல் இடைவெளியில நீளமா ஓட்டுத் தையல். முப்பது வரி வரும். மூணு இழையாப் போட்டா எட்டு மீட்டர் சிட்டம் நாலு போகும், ஓரத்துக்கும் சேர்த்து ஆறு வாங்கு. ஒரே தடவையில வாங்கிடு. அடுத்த வாரம் போனா அதே நம்பர் நூல்லயே சாயம் ஒரு சாயல் மாறியிருக்கும்.
- நாலு பேர் நாலு பக்கம் உட்காருங்க. இரண்டு மூணு கூட்டத்துல முடிஞ்சிடும். தனியா உட்கார்ந்தா மாசக்கணக்கா மூட்டையிலயே கிடக்கும்.

வங்காளத்துல காந்தான்னு இதே வேலைதான், பழைய சேலைக் கரையிலிருந்து நூலை உருவியே தைச்சாங்க. கர்நாடகாவுல எல்லாப்பூர் காட்டுப் பக்கம் சித்திப் பெண்கள் தைக்கிற கவந்தி இன்னும் அழகு. ஓரத்துல ஆரம்பிச்சு, துண்டு மேல துண்டு வச்சு, சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நாலு மூலையிலயும் முக்கோணமா ஒரு பூ வைக்காம அவங்க போர்வையை முடிக்கிறதில்லை. வெட்டுத் துணி கையகலம்தான் இருக்குன்னு தூக்கிப் போடுறவளுக்கு இந்தப் போர்வைப் படத்தைக் காட்டு.

எல்லாரும் சேர்ந்து ஒண்ணு தைக்கும்போது

இங்கேதான் அக்கா கண்டிப்பா இருப்பேன். 2016 ஜனவரியில சென்னையில ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ்’ங்கற பெண்கள் கூட்டம் 11,148.5 சதுர மீட்டர்ல குரோஷா போர்வை பின்னி கின்னஸ் சாதனை வாங்கினாங்க. பல ஊர்ல, பல நாட்டுல இருந்த பெண்கள் அவங்கவங்க வீட்டுல இருந்து சதுரம் சதுரமாப் பின்னி அனுப்பி, கடைசியில ஒண்ணாச் சேர்த்தது. முகம் பார்க்காத ஆளுங்க பின்னினது எப்படிச் சேர்ந்தது? எல்லார்க்கும் அளவு ஒண்ணு. அவ்வளவுதான் ரகசியம். முடிச்ச பிறகு அந்தப் போர்வைங்களைப் பிரிச்சு இல்லாதவங்களுக்குக் கொடுத்துட்டாங்க, அதுக்குத்தான் நான் அவங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

17. அளவை வாயால சொல்லாதே. அட்டையில வெட்டி ஆளுக்கொண்ணு கொடு. ‘ஒரு சாண்’னு சொன்னா பன்னெண்டு பேர் பன்னெண்டு சாண் வச்சிருப்பாங்க. ஐந்தடிக்கு ஐந்தடிப் போர்வைக்கு 36 சதுரம், பன்னெண்டு பேருன்னா ஆளுக்கு மூணு. பத்தரை அங்குலமா வெட்டு, ஓரத்துக்குக் கால் அங்குலம் தையல், முடிச்சா பத்து.

18. கால் அங்குலம்னா கால் அங்குலம். ஒவ்வொரு இணைப்புலயும் அரைக்கால் அங்குலம் ஏமாந்தா, பத்து இணைப்புல ஒண்ணேகால் அங்குலம் போயிடும். ‘கொஞ்சம்தானே அக்கா’ன்னு சொல்றவ சதுரத்தைத்தான் கடைசியில எல்லாரும் சேர்ந்து பிரிப்பாங்க. மெஷின் தட்டுல கால் அங்குலத்துல ஒரு டேப் ஒட்டிடு, கண்ணுக்கு வேலை இல்லை.

19. குரோஷான்னா முதல்ல நாலு அங்குலம் பின்னி, எத்தனை கண்ணி வருதுன்னு எண்ணு. ஒருத்தி கை இறுக்கம், ஒருத்தி கை தளர்ச்சி. அதைத் திட்டி மாத்த முடியாது. இறுக்கக்காரிக்குப் பெரிய ஊசி கொடு, தளர்ச்சிக்காரிக்குச் சின்ன ஊசி கொடு, அளவு ஒண்ணாயிடும். உல்லன் மாதிரி இருக்கிற அக்ரிலிக் நூல் மேல சூடு அயர்ன் பாக்ஸ் வைக்காதே, உயிர் போன மாதிரி தொங்கிடும். நம்ம ஊருக்குக் காட்டன் நூல்தான்.

20. ஒருத்தி வேலை சரியில்லைன்னா கூட்டத்துல வச்சுச் சொல்லாதே. தனியா, அவ பிரிச்சுத் தைக்கிற நேரம் கூடவே உட்காரு.

21. மாசத்துல ஒரு கூட்டம் பாதியில நிக்கிற வேலைக்கு மட்டும். புது டிசைன் பேச்சே கிடையாது. அலமாரியில கிடக்கிற பாதி பாவாடை, பாதி தலையணை உறை எல்லாம் அன்னைக்கு வரணும். ஒருத்திக்கு அலுத்துப் போனதை இன்னொருத்தி முடிச்சுக் கொடுக்கட்டும்.

காசு பேசும்போது

விக்கணும்னு ஆசை வந்தா நல்லது, ஆனா முதல் ஆறு மாசம் வேணாம். கை ஒண்ணா வரட்டும். அப்புறம் தாம்பூலப் பை ஆர்டர் வந்தா, ஒரு பை தைச்சுக் காட்டி, அதுல வாங்குறவங்க சம்மதம் வாங்கி, பாதிப் பணம் முன்னாடி வாங்கிட்டு அப்புறம் துணி வெட்டு. சொந்தக்காரங்கன்னு முன்பணம் வாங்காம விடாதே. சொந்தத்துலதான் அதிகம் முறியுது.

விலை போடும்போது துணி, நூல், மெஷின் கரண்ட் மட்டும் எண்ணிட்டு, உன் நேரத்தைச் சும்மா கொடுக்காதே. ஒரு பைக்கு எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு கடிகாரம் பார்த்து எழுது. அந்த நேரத்துல பீடி சுத்தினா என்ன வந்திருக்கும்னு கணக்குப் போடு. அதைவிடக் குறைச்சலா வருதுன்னா அந்த ஆர்டர் உனக்கு வேணாம். யாருக்கு எத்தனை பை, யாருக்கு எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி, அன்னைக்கே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கு. மனசுல வச்சுக்கிட்ட கணக்கு சண்டையில முடியும்.

இன்னொண்ணு. தோடர் பூத்தையல் 2013-ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. மதுரைச் சுங்குடி, நம்ம பக்கத்துப் பத்தமடைப் பாய் எல்லாம் அப்படித்தான். பார்த்து ஆசைப்பட்டுக் கத்துக்கலாம், வீட்டுக்குப் போட்டுக்கலாம். ஆனா அந்தப் பேரைச் சொல்லி நீ விக்கக் கூடாது. அது அந்த ஜனங்களோட சோறு. பக்கத்துத் தெரு தங்கச்சி யோசிச்சுப் போட்ட டிசைன்னாலும் அதே நியாயம்தான், அவகிட்ட கேட்டுட்டு, அவ பேரைச் சொல்லிட்டுத்தான் போடணும்.

உடம்பு

ஏற்கெனவே பீடித் தட்டு மேல குனிஞ்ச கழுத்து உனக்கு. இதுலயும் குனிஞ்சா ராத்திரி தூக்கம் வராது. மடியில தலையணை வச்சு, அது மேல துணியை வை, வேலை கண்ணுகிட்ட வரட்டும், கண் வேலைகிட்ட போகக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளை உருட்டு, தூரத்துல மலையைப் பாரு. நாப்பது தாண்டினவங்க ஊசி கோக்கக் கஷ்டப்பட்டா கண்ணாடி போட்டுக்கோங்க, வெக்கம் எதுக்கு? கருப்புத் துணியில கருப்பு நூல் வேலையைச் சாயங்காலத்துக்கு வைக்காதே, உச்சி வெளிச்சத்துல முடிச்சிடு.

கூட்டம் முடியுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வேலையை நிறுத்தச் சொல்லு. டப்பாவுல எத்தனை ஊசி போச்சோ அத்தனையும் திரும்பணும், ஒருத்தி எண்ணணும், நோட்டுல எழுதணும். ஒண்ணு குறைஞ்சா யாரும் எழுந்து நடக்கக் கூடாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில சுத்தி ஒரு கயித்துல கட்டிப் பாய் மேல இழு, கிடைச்சிடும். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க வெறுங்காலோட நேரா அங்கேதான் ஓடி வரும்.